நாற்பது யூனிட் நியாயம்

நாற்பது என்ற எண்ணைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உச்சி மண்டை சூடாகிறது. சந்தையில் எலுமிச்சைக்காரன் நாற்பது என்று விலை சொன்னால்கூட, பாவம், அவனை முறைத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

அந்த எண்ணை எங்கள் தலையில் கட்டியவர் உஸ்தாஸ் ஷவ்கத். உஸ்தாஸ் என்றால் எங்கள் ஊரில் 'ஐயா' மாதிரி. எகிப்தில் எங்கள் ஆலை நகரமான மஹல்லாவில், எங்கள் பகுதிக் கிளினிக்கில், இன்சுலின் கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர். டாக்டர் இல்லை. மருந்தாளுநர்கூட இல்லை. பதிவேடு எழுதும் குமாஸ்தா, அவ்வளவுதான். ஆனால் குளிர்ப்பெட்டியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அந்தச் சாவி அவரைப் பாஷாவாக்கிவிட்டது.

அவருக்கும் சர்க்கரை வியாதிதான். பதினொரு வருடமாக ஊசி. காலை எட்டு மணிக்குச் சன்னலைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கித் தனக்கு ஊசி போட்டுக்கொள்வது. வரிசையில் நிற்கும் முப்பது பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு கைக்குட்டையை நான்காக மடித்து வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார்.

"காலைல இருபத்தாறு, சாயங்காலம் பதினாலு. மொத்தம் நாற்பது. பதினொரு வருஷத்துல ஒரு யூனிட் கூடினதில்ல, குறைஞ்சதில்ல. ஏன்? வாயைக் கட்டினவன் நான்."

யாராவது ஒருவர் 'மாஷா அல்லாஹ்' சொல்லவேண்டும். சொன்னால்தான் வரிசை நகரும்.

போன அக்டோபரில் இன்சுலின் வரத்துக் குறைந்தது. மருந்துக்கடைகளில் காசை நீட்டினாலும் கையை விரித்தார்கள். கிளினிக்குக்கு வருவதை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது டாக்டர்கள் யோசிக்க வேண்டிய காரியம். அவர்கள் கூடி உட்காருவதற்குள் உஸ்தாஸ் ஷவ்கத் யோசித்து முடித்துவிட்டார். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு நாற்பது யூனிட். மாதத்துக்கு நான்கு குழல். பேனா போல இருக்கும் ஊசிக்குள் பொருத்துகிற சின்னக் கண்ணாடிக் குழல், ஒன்றில் முன்னூறு யூனிட். பெரியவர், சிறியவர், தடியன், ஒல்லி, எல்லோருக்கும் நான்கு. சன்னலுக்கு மேல் ஒரு தாளும் ஒட்டினார். 'நியாயம் என்பது சமம்' என்று அதில் எழுதியிருந்தது.

என் மகள் ரிதாஜுக்குப் பதின்மூன்று வயது. அவள் பெயரை வைத்துத்தான் ஊரில் என்னை உம்மு ரிதாஜ், அதாவது ரிதாஜின் அம்மா, என்று கூப்பிடுவார்கள். எட்டு வயதில் வந்தது அவளுக்கு இந்த நோய். அவள் போட்டுக்கொள்வது நாளைக்கு ஐம்பத்தெட்டு. நான்கு குழல் இருபது நாளைக்குத்தான் வரும். மீதிப் பத்து நாளைக்கு? இன்சுலின் இல்லாமல் அவள் பத்து நாள் தாங்கமாட்டாள். இரண்டு மூன்று நாள் போதும். எட்டு வயதில் முதல்முதலாக நோய் தெரிந்தபோது, பழம் அழுகின வாடையுடன் மூச்சு இழுக்க இழுக்க அவளை டுக்டுக் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாளைப் படித்துவிட்டுச் சன்னலுக்குள் தலையை நுழைத்தேன். ரிதாஜ் பக்கத்தில் நின்றாள்.

"உஸ்தாஸ், இவளுக்கு ஆறு குழல். டாக்டர் சீட்டு இருக்கு."

"எவ்வளவு போடுது பொண்ணு?"

"ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டா? இந்தக் குச்சிக்கா?" மேலும் கீழும் பார்த்தார். "அங்க நிக்கிறாரே ஹஜ் பயூமி, பாருங்க. நூத்திப்பத்து கிலோ. அவருக்கே இருபத்திநாலு போதுமாம். உங்க பொண்ணு அவரோட ஒரு காலு கனம் இல்ல. மீதி எங்க போகுது உம்மு ரிதாஜ்?"

ஹஜ் பயூமி, ஹாஜியாரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம், ஈரல் வண்டிக்காரர். ஆலை வாசலில் ஈரல் வறுத்து ரொட்டியில் வைத்துக் கொடுப்பவர். வரிசையின் நடுவிலிருந்து கத்தினார்.

"யோவ், என் எடையை எதுக்குய்யா ஊருக்கு ஏலம் போடுற? ஒரு கிலோ என்ன விலைன்னும் சொல்லிடேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். உஸ்தாஸ் சிரிக்கவில்லை.

"ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, பொண்ணு திருட்டுத்தனமா இனிப்பு திங்குது. இல்லேன்னா, நீங்க வெளிய விக்கிறீங்க."

"நாக்கை அளந்து பேசுங்க! நான் துண்டு ஆலைல ஓரம் தைக்கிறவ. என் பொண்ணோட உயிரை வித்தா நான் சோறு திங்கணும்?"

"அப்போ இனிப்புதான்" என்றார், கூட்டிக் கழித்து விடை கண்டவர்போல. டாக்டர் சீட்டை வாங்கிக் கோப்புக்குள் போட்டார். "டாக்டர் எழுதுவாங்க. எழுத என்ன, மைதானே செலவு. குழல் என் பெட்டிலேர்ந்துல்ல போகணும். அடுத்த ஆள்!"

நான்கு குழலோடு வந்தேன். வழி முழுக்க அந்த மனிதரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து நான் செய்ததைச் சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். ரிதாஜின் பள்ளிப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். தலையணை உறையைக் கழற்றி உதறினேன். மிட்டாய்த் தாள், பஸ்பூஸா இனிப்பின் பிசுக்கு, எதுவும் இல்லை. இல்லாதது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க? யாரு வாங்கிக் குடுக்கிறா?"

"வல்லாஹி, சத்தியமா நான் எதுவும் திங்கலம்மா."

அறைந்தேன். ஐந்து வருடமாகத் தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்கிற பிள்ளையை, எவனோ ஒரு குமாஸ்தா சொன்னான் என்று அறைந்தேன். அவள் அழவில்லை. சிதறிக் கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். அவர் மேல் எனக்கு உள்ள கோபத்தில் பாதி, என்னை அப்படி ஆக்கினாரே என்பதுதான். மீதிப் பாதி என்மேல்.

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை டாக்டர் மிர்வத்திடம் இழுத்துப்போனேன். கிளினிக் மாடியில் இருக்கும் சின்ன வயது டாக்டர். உள்ளே போனதும் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க டாக்டர். இவ இனிப்பு திங்கிறாளா இல்லையா?"

அவர் ரிதாஜின் கன்னத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"உம்மு ரிதாஜ், உங்க ஆலைல எல்லா மெஷினுக்கும் ஒரே அளவு நூலா குடுக்கிறாங்க?"

"அது எப்படி? கைத்துண்டுக்கு ஒரு அளவு, குளியல் துண்டுக்கு ஒரு அளவு. ஆர்டரைப் பொறுத்து."

"உடம்பும் அப்படித்தான். ஹஜ் பயூமியோட கணையம் இன்னும் அரைகுறையா இன்சுலின் சுரக்குது. அதோட காலைலேர்ந்து வண்டி தள்ளுறாரு. உழைக்கிற சதை கொஞ்ச இன்சுலின்லயே சர்க்கரையை இழுத்துக்கும். அவருக்கு வெளியிலேர்ந்து கொஞ்சம் போதும். உங்க பொண்ணோட கணையம் கடையைச் சாத்திட்டுப் போயிடுச்சு. மொத்தமும் வெளியிலேர்ந்துதான் வரணும்."

"ஆனா முன்னாடி ஆறு யூனிட்தானே போட்டோம்?"

"நோய் வந்த புதுசுல கணையத்துல மிச்சம் மீதி உயிர் இருந்தது. அப்புறம் அதுவும் போச்சு. இப்ப வயசுக்கு வந்துட்டா. இந்த வயசுல உடம்பு வளர்றதுக்காக ஊறுற சுரப்புங்க இருக்கே, அதுங்க இன்சுலினை வேலை செய்ய விடாது. மல்லுக்கு நிக்கும். அதனால கூடுதலா வேணும். ஒல்லியா இருந்தாலும் வேணும். ரெண்டு மூணு வருஷத்துல வளர்ச்சி நின்னா, தானாவே குறையும். இவ ஒரு தப்பும் பண்ணல. வளர்றா."

எனக்கு நினைவு வந்தது. ஆறு யூனிட்டாகக் குறைந்த அந்த மாதங்களில் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று தெருவுக்கே செம்பருத்திச் சாறு கொடுத்தேன். குறைந்தபோது நம்மைப் புகழ்ந்துகொள்கிறோம், கூடும்போது பிள்ளையை அறைகிறோம். அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, ரிதாஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோடி" என்றேன். அவள் "விடுங்கம்மா" என்று கையை உருவிக்கொண்டாள்.

டாக்டர் இரண்டாவது சீட்டு எழுதினார். உஸ்தாஸ் ஷவ்கத் அதையும் அதே கோப்புக்குள் போட்டார்.

அந்த மாதம் எங்களைக் காப்பாற்றியவர் ஹஜ் பயூமி. அவருக்கு மூன்று குழல் போதும். நியாயம் என்பது சமம் ஆயிற்றே, அவர் கையிலும் நான்கைத் திணித்திருந்தார்கள். ஆலை வாசலில் என்னைக் கூப்பிட்டு, ரொட்டி சுற்றும் காகிதத்தில் ஒரு குழலைச் சுற்றிக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ மகளே. என் வீட்டுக் குளிர்ப்பெட்டில ஈரல் வைக்கவே எடமில்ல, இதை வேற எங்க வைக்க?"

இருபது நாள் இருபத்தைந்து ஆனது. கடைசி ஐந்து நாளைக்கு டாக்டர் மிர்வத் எங்கிருந்தோ மருந்துக் கம்பெனி தரும் மாதிரிக் குழல் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். ஆனால் மஹல்லாவில் எது மறைந்து நிற்கும்? விஷயம் சன்னலுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் உஸ்தாஸ் ஹஜ்ஜைப் பார்த்து, "கறுப்புச் சந்தை நடத்துறீங்களா?" என்று சீறி, தண்டனையாக அவருக்கு மூன்று குழல் ஆக்கினார். ஹஜ்ஜுக்குத் தேவை அந்த மூன்றுதான். அந்த மனிதர் ஒரே ஒருவருக்குச் சரியான அளவு கொடுத்தார், அதுவும் கோபத்தில்.

எங்களுக்கு மறுபடியும் நான்கு. டாக்டர் மிர்வத் பிடித்துக் கொடுத்த மாதிரிக் குழல்களில் டிசம்பர் வரை தள்ளினோம். ஜனவரி பிறந்ததும் அதுவும் நின்றது. இன்சுலின் வாங்கித் தரச் சொல்லி ஆலையில் மூன்று மேலாளர்களிடம் கெஞ்சினேன். ஹுர்கதா கடற்கரை ஊரில் கட்டட வேலையில் இருக்கும் என் கணவர் அங்கே உள்ள மருந்துக்கடைகளை எல்லாம் சுற்றி இரண்டு குழல் அனுப்பினார். வரும் வழியில் பேருந்து எஞ்சின் பக்கத்தில் வைத்து அவற்றைச் சூடாக்கிவிட்டார்கள். சூடுபட்ட இன்சுலின் தண்ணீருக்குச் சமம்.

இதற்கிடையில் ரிதாஜின் அளவு குறைய ஆரம்பித்தது. ஐம்பது. பிறகு நாற்பத்தாறு. நோட்டில் எழுதிக் காட்டினாள். எனக்கு அவ்வளவு ஆறுதல். டாக்டர் சொன்ன மாதிரி வளர்ச்சி அடங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். மண்டையில் மூளை இருக்கிறதா எனக்கு? ரெண்டு மூணு வருடம் என்றல்லவா சொன்னார்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். எங்கள் கோழிகள் ஒவ்வொன்றும் ஹஜ் பயூமியைப் போல உருண்டிருந்தன. கூண்டுக்குள் பார்த்தால் ரொட்டி. முழு முழு ரொட்டி. பள்ளிக்கு நான் கட்டிக்கொடுத்த பாலாடைக்கட்டி, அவித்த முட்டையைக்கூடக் கோழிகளுக்கே போட்டிருந்தாள்.

கீழே வந்தேன். ரிதாஜ் கதவு நிலையருகே நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் உயரத்தை அந்த நிலையில் பென்சிலால் கோடு போடுவோம். கடைசிக் கோட்டில் தலையை வைத்து, கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விலகினாள்.

"சாப்பாட்டைக் கோழிக்குப் போடுறியா?"

நிலையில் இருந்த பென்சில் கோட்டை விரலால் தேய்த்தாள்.

"ஏன்டி?"

"கம்மியாத் தின்னா கம்மியாப் போட்டா போதும்மா. இப்போ நாற்பத்தாறு வந்துடுச்சு. இன்னும் ஆறுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, நான் வளராம இருந்துட்டா நாற்பது போதும்தானே?"

ஒரு குமாஸ்தாவின் எண்ணுக்குள் அடங்குவதற்காக ஒரு பிள்ளை தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று வயது எலும்பைப் பட்டினி போட்டு நிறுத்தப் பார்க்கிறது. அந்தச் சன்னலுக்கு மேல் 'நியாயம்' என்று தாள் ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு என்னிடம் தீப்பெட்டி கொடுத்திருந்தால் அந்தத் தாளோடு சன்னலையும் கொளுத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். கெஞ்ச இல்லை. சண்டை போட. வாயில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

உஸ்தாஸ் ஷவ்கத் திரும்பி எங்களைப் பார்த்தபோது ஆளே சரியில்லை. உதடு வெடித்து, மூக்கு சிவந்திருந்தது. மேசையில் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள், இரண்டு காலி. பதிவேட்டைத் திறந்தார், மூடினார், எழுந்து கழிப்பறைக்குப் போனார். வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் போனார். வரிசை முணுமுணுத்தது. எனக்கு மட்டும் அந்தத் தாகம் எங்கேயோ பார்த்ததாக இருந்தது.

"உஸ்தாஸ், உங்களுக்கு சளியா?"

"ஒரு வாரமா. இப்போ தேவலை. மருந்துக்கடைல மஜ்மூஆ போட்டுக்கிட்டேன். மூணு நாள், மூணு ஊசி."

எங்கள் ஊரில் சளிக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. மருந்துக்கடைக்குப் போய் 'ஒரு மஜ்மூஆ போடு' என்போம். மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து இடுப்பில் குத்துவார்கள், மறுநாள் துள்ளி எழுவோம். நானும் ஒவ்வொரு குளிர்காலமும் போட்டுக்கொள்கிறவள்தான். ஆனால் ரிதாஜுக்கு அதைக் காட்டக்கூடாது என்று முதல் வருடமே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மூன்றில் ஒன்று கார்ட்டிசோன். சர்க்கரையைக் கூரைக்கு ஏற்றிவிடும்.

"விரலை நீட்டுங்க" என்றேன். ரிதாஜின் சர்க்கரை பார்க்கும் கருவி எப்போதும் என் பையில் இருக்கும்.

"எதுக்கு? நான் நாற்பது போட்டேன். நேரத்துக்குப் போட்டேன். ஃபூல் பயறு கூட நாலு கரண்டிதான் சாப்பிட்டேன்."

"நீட்டுங்க!"

என்ன நினைத்தாரோ, நீட்டினார். குத்தினேன். கருவி எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. அதை அவர் கண் முன்னால் பிடித்தேன். பதினொரு வருடம் எண்களை நம்பி வாழ்ந்த மனிதர், எண் இல்லாத அந்தத் திரையைப் பார்த்தார்.

"ஆனா நான் நாற்பது போட்டேனே" என்றார் மறுபடியும், குழந்தையைப்போல. எழுந்தவர் நாற்காலியைப் பிடிக்கத் தவறித் தரையில் சரிந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கமாட்டேன். ஒரு கணம் இருந்தது, அவ்வளவுதான். பிறகு நானே மாடிக்கு ஓடி டாக்டர் மிர்வத்தைக் கூட்டிவந்தேன். ஹஜ் பயூமி உள்ளே போய் அவரைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார். "காத்துப்போல இருக்கியேய்யா, உன்னையா நாங்க பாஷான்னு பயந்தோம்?" என்று வேறு சொன்னார். டாக்டர் அவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஊசி போட்டார், கையில் உப்புநீர் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் உஸ்தாஸுக்குத் தெளிந்தது.

"டாக்டர், நான் நாற்பதுதான்…"

"நாற்பது யாருக்கு உஸ்தாஸ்? போன வாரத்து ஷவ்கத்துக்கு. உடம்புல சளி, மேல மூணு நாள் கார்ட்டிசோன். இந்த வாரத்து ஷவ்கத்துக்கு எழுபது வேணும். அப்புறம் இறங்கும். ஒரே ஆளுக்கே ஒரே அளவு கிடையாது."

எழுபது. சீட்டு எழுதினார், கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம் ஆகவில்லை.

ஐந்தாம் நாள் உஸ்தாஸ் வேலைக்குத் திரும்பினார். எங்களிடம் கடைசிக் குழலில் இரண்டு நாளைக்குத்தான் மிச்சம். ரிதாஜையும் கூட்டிக்கொண்டு சன்னலுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன், உம்மு ரிதாஜ்" என்று சொல்லி, ரிதாஜின் மருந்து அட்டையில் பழையபடி நான்கு என்று எழுதப்போனார்.

மேசை மேல் அவருடைய சொந்த அட்டை திறந்து கிடந்தது. வழக்கமான அளவு நாற்பது. மாற்றிய அளவு எழுபது. பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் அவர் கையெழுத்தில், அழகாக, 'சளி' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

வரிசை முழுக்கக் கேட்கும்படி அதை உரக்கப் படித்தேன்.

"அது டாக்டர் எழுதினது" என்றார்.

"என் பொண்ணுக்கும் அதே டாக்டர்தான் எழுதினாங்க. ரெண்டு தடவை. ரெண்டு சீட்டும் உங்க கோப்புல தூங்குது. உங்களுக்கு ஏறினா சளி, என் பொண்ணுக்கு ஏறினா திருட்டா? உங்க மூக்கு ஒழுகினதுக்கு அன்னைக்கே எழுபது. என் பொண்ணுக்கு மூணு மாசமா நாலே குழல். அவ சோத்தைக் கோழிக்குப் போட்டுட்டுக் கெடக்குறா, உங்க நாற்பதுக்குள்ள அடங்கணும்னு!"

"கோழிக்கா?" என்று ரிதாஜைப் பார்த்தார். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவள் தலை குனிந்திருந்தாள். பின்னாலிருந்து ஹஜ் பயூமி, "எழுது உஸ்தாஸ், கை வலிக்குதா? நான் வேணா எழுதவா?" என்றார். வரிசையில் பெண்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

அவர் கோப்பைத் திறந்தார். இரண்டு சீட்டையும் எடுத்து விரித்தார். மாற்றிய அளவு: ஐம்பத்தெட்டு. குழல்: ஆறு. அத்தோடு பேனா நின்றது.

"காரணம் எழுதணும். இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா மேலேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன வியாதின்னு எழுதுறது? ஜுரம்னு போடவா?"

"ஜுரம் எல்லாம் இல்ல. வளர்றா. அதை எழுதுங்க."

"அது காரணம் ஆகாதும்மா. இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல."

"சளி காரணம் ஆகும், ஒரு புள்ள வளர்றது ஆகாதா? எழுதுங்க உஸ்தாஸ்."

எழுதினார். 'வளர்கிறாள்.' முத்திரையும் குத்தினார். பழக்கதோஷம் விடுமா, கீழே ஒரு வரி சேர்த்தார். 'மூன்று மாதத்துக்கு மட்டும். பிறகு மீண்டும் நிரூபிக்கவும்.'

ரிதாஜ் அட்டையை வாங்கி, நடந்துகொண்டே அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு ரொட்டி தின்றாள், மூன்றாவது கேட்டாள். பிறகு தானாகவே போய்க் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

கோடு போட்டேன். நிரூபிக்க வேண்டுமாம். ஏப்ரலில் அவளையே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சன்னல் முன் நிறுத்துவேன். அதற்குள் அவள் என் தோளைத் தாண்டியிருப்பாள். உட்கார்ந்தபடி அவள் முகத்தைப் பார்க்க முடியாது, உஸ்தாஸ் எழுந்து நின்றுதான் பார்க்கவேண்டும்.